காபனோரொட்சைட்டா, அமோனியாவா?

மாசி மாத முன்னிரவில் காரைநகர் கசூரினாக் கடற்கரையில் நின்று அண்ணாந்தால் வாள் தாங்கிய வேடன் வடிவான ஓரியன் நட்சத்திரக் கூட்டம் தலைக்கு மேலேயே நிற்கும். அதன் வாளில் மங்கலாய்த் தெரியும் புகைதான் நட்சத்திரங்கள் பிறக்கும் இடம். உயர்தரம் படிக்கும் பெறாமகன் கேட்டான்: "சித்தப்பா, அங்கே நிறைய இருக்கிறது ஐதரசன்தானே, அதையே பார்த்தால் என்ன?"

பார்க்க ஏலாது. மைனஸ் 260 பாகைக் குளிரில் சமச்சீரான ஐதரசன் மூலக்கூறு வாயே திறக்காது, அதாவது நாம் பிடிக்கக்கூடிய வானொலி அலை எதையும் அனுப்பாது. அதனால் கூட இருக்கும் வேறு மூலக்கூறுகளிடம்தான் விசாரிக்க வேண்டும்.

1970இல் ஓரியனிலேயே கண்டுபிடித்த காபனோரொட்சைட்டு தாராளமாகக் கிடைக்கும்; 2.6 மில்லிமீற்றர் அலைநீளத்தில் உரத்துப் பேசும். நட்சத்திரம் பிறக்கும் அந்த வாயு முகிலின் பருமனையும் ஓட்டத்தையும் அறிய அது போதும். ஆனால் கிடுகு வேலி மாதிரி, வெளிப்பக்கம்தான் தெரியும். வளவுக்குள் நடப்பது தெரியாது. அதைவிட மோசம், நட்சத்திரம் கருக்கொள்ளும் குளிர்ந்த மையத்தில் அது தூசித் துணிக்கைகளில் உறைந்து ஒட்டிவிடும், மார்கழிப் பனி வடலி ஓலையில் படிவதுபோல. தேவையான இடத்தில் ஆளையே காணோம்.

அமோனியா 1968இல் அகப்பட்டது. சத்தம் குறைவு, ஆனால் அடர்ந்த மையத்திலும் தாக்குப்பிடிக்கும். 1.3 சென்ரிமீற்றர் அலைநீளமளவில் அருகருகே வரும் அதன் இரண்டு நிறமாலைக் கோடுகளின் பலத்தை ஒப்பிட்டால் வெப்பநிலையே கிடைத்துவிடும்.

சரி, எது நல்லது? முகிலின் படம் வரையக் காபனோரொட்சைட்டு. பிறப்பைப் பார்க்க என் வாக்கு அமோனியாவுக்குத்தான். பெறாமகன் மூக்கைப் பொத்தினான். பள்ளிக்கூட ஆய்வுகூட மணம் நினைவுக்கு வந்திருக்கும்.