டிடி ஃப்ரீ டிஷ்: கிரிக்கெட்டுக்குப் போடலாம், சீரியலுக்கு ஆகாது

மாசாமாசம் காசு கட்டாமல் டிவி பார்க்க முடியுமா, அதில் கிரிக்கெட் வருமா என்று எங்கள் பக்கம் நிறைய பேர் கேட்கிறார்கள். குமரி மாவட்டத்தின் குலசேகரம், அருமனை, திருவட்டாறு வட்டாரத்தில் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் வெட்டு நிற்கும், வருமானமும் நிற்கும். அப்போது குறைக்கலாம் என்று முதலில் கண்ணில் படுவது கேபிள் பில். நான் கேபிளை வைத்துக்கொண்டே டிடி ஃப்ரீ டிஷ்ஷும், அதாவது தூர்தர்ஷனின் இலவசத் தட்டும், போட்டவன். இரண்டையும் ஒரே டிவியில் ஓட்டுகிறேன். அதனால் இரண்டைப் பற்றியும் சொல்ல முடியும்.

தட்டு, பெட்டி, பொருத்துகூலி எல்லாம் சேர்த்து ரெண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதன் பிறகு மாதக் கட்டணம் என்று ஒன்று கிடையாது. கட்டணச் சேனல்களும் கிடையாது. சன், விஜய், ஜீ தமிழ் எதுவும் வராது. டிடி தமிழ் வரும், இந்திச் சேனல்கள் ஏராளமாக வரும். எங்கள் அம்மை ஒரு சாயங்காலம் முழுக்க டிடி தமிழைப் பார்த்துவிட்டு, "மக்களே, இதில ஒரு வில்லிகூட இல்லியே" என்று ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சீரியல் பார்க்கிற வீட்டில் கேபிளை வெட்டிவிட்டு இதை மட்டும் வைக்கலாம் என்று நினைப்பவர்கள் அந்த எண்ணத்தை இங்கேயே விட்டுவிடலாம்.

அப்புறம் எதற்கு இது? இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களுக்குத்தான். உரிமையை எந்தத் தனியார் சேனல் வாங்கினாலும், இந்த ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் பகிர வேண்டும் என்று 2007இல் சட்டம் வந்தது. விளம்பர வருமானத்தில் உரிமை வாங்கியவருக்கு 75 பங்கு, பிரசார் பாரதிக்கு 25. முன்பெல்லாம் தூர்தர்ஷனில் வந்தால் கேபிளிலும் அது வந்துவிடும். கோடிகளைக் கொட்டி உரிமை வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா, கோர்ட்டுக்குப் போனார்கள். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது: பகிரப்பட்ட ஆட்டம் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும் வரலாம், கேபிள், தனியார் டிடிஎச் (வீட்டுத் தட்டுச் சேவை) வழியாகப் போகக் கூடாது. இந்தியா ஆடும்போது கேபிளில் டிடியைப் போட்டால் வேறு ஏதோ ஒரு நிகழ்ச்சி ஓடுவது இதனால்தான். அதே டிடி என் கூரைத் தட்டு வழியாக வரும்போது ஆட்டம் ஓடும்.

எங்கள் பகுதி கேபிள்காரர் கேட்காமலே ஸ்போர்ட்ஸ் சேனல்களைச் சேர்த்து பில்லை ஏற்றியபோது, "இதை எடுத்துவிடுங்கள் அண்ணே" என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது இதை நம்பித்தான்.

ஆனால் ஐபிஎல்லுக்கு இது உதவாது. அந்தச் சட்டத்தின் பட்டியலில் ஐபிஎல் இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமைகள் போன தொகை 48,390 கோடி ரூபாய். அதில் இந்தியாவுக்கான டிவி உரிமை மட்டும் 23,575 கோடி. இவ்வளவு போட்டவர் முழுத் தொடரையும் இனாமாகத் தர மாட்டார். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீடு பழையபடி கேபிளுக்குத் திரும்பிவிடும். சண்டையும் அப்போதுதான்.

சண்டைக்குக் காரணம் ஏழரை மணி. 2008இல் தொடங்கியபோது இரவு ஆட்டங்கள் எட்டு மணிக்கு. இப்போது ஏழரைக்கே தொடங்குகிறார்கள். சீரியல்களுக்கும் ஏழு முதல் ஒன்பதரை வரைதான் உயிர் நேரம். ஐபிஎல் வருகிறதே என்று சீரியல்காரர்கள் ஒதுங்குவதில்லை. அந்த வாரம் பார்த்துத்தான் ஒரு கல்யாணத்தை நிறுத்துவார்கள், அல்லது இரண்டு குடும்பங்களையும் ஒரே மண்டபத்தில் சேர்த்து மகாசங்கமம் என்று ஒரு மணி நேரம் இழுப்பார்கள். வியாழக்கிழமை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற ரேட்டிங் வரும்போது எண் இறங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த ரேட்டிங்கை நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் வைத்த மீட்டர்களிலிருந்து எடுக்கிறார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் அந்த மீட்டர் இருப்பதாகக் கேள்விப்பட்டதில்லை. ரப்பர் வெட்ட விடியற்காலை மூணரைக்கு எழுகிறவன் எத்தனை மணிக்குத் தூங்குவான் என்று யார் கணக்கெடுக்கப் போகிறார்கள்?

அம்மைக்கும் எனக்கும் ஒரு உடன்பாடு உண்டு. சீரியலில் விளம்பரம் வந்தால் ரிமோட் என் கைக்கு வரும். விளம்பரங்கள் ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதைத் துண்டு துண்டாகப் போடுவார்கள். ஒரு துண்டுக்குள் தோராயமாக ஒரு ஓவர் பார்க்கலாம். கெட்ட நேரமாக இருந்தால் நான் மாற்றும்போது கிரிக்கெட்டிலும் ஓவர் முடிந்து விளம்பரம் ஓடும். இன்னும் கெட்ட நேரமென்றால் அணிகள் உத்தி பேச விடும் இரண்டரை நிமிட இடைவேளை, ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட். ஒரு ஆட்டத்தில் அது நான்கு முறை வரும். அம்மை வெற்றிலையை மடித்து வாயில் வைப்பதற்குள் சீரியல் திரும்ப வந்துவிடும், "கொண்டா மக்களே" என்று கை நீளும். கடைசி ஐந்து ஓவர்கள் பதினொரு மணியை ஒட்டி வரும். அப்போது சீரியல் முடிந்திருக்கும், அம்மை தூங்கியிருப்பார், டிவி எனக்கே எனக்கு. நானும் தூங்கியிருப்பேன்.

ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கு ஏற்ற அட்டவணை எது என்று பார்த்தால், இந்தியாவில் நடக்கும் ஒருநாள் ஆட்டம்தான். மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும். அதற்குள் சிரட்டைகளில் பால் எடுத்து, உறைய வைத்து, குளித்துச் சாப்பிட்டும் முடித்திருப்போம். அடுத்தது ஆஸ்திரேலியாவில் நடக்கும் இரவு டி20, நமக்கு மதியம் இரண்டு மணியை ஒட்டி வரும். இரண்டும் சீரியல் நேரத்துக்கு முன்பே பாதிக்கு மேல் ஓடிவிடும், இரண்டும் ஃப்ரீ டிஷ் பட்டியலில் அடங்கும். வெஸ்ட் இண்டீஸில் நடக்கும் டி20 இரவு எட்டு மணிக்கு, இங்கிலாந்தில் இரவு ஆட்டம் என்றால் பதினொரு மணியை ஒட்டி. இலவசமாக வந்தாலும் மறுநாள் கத்தி பட்டையில் நிற்காது. டெஸ்ட் ஆட்டங்களை நம்ப வேண்டாம், அரசு தேர்ந்தெடுத்தவை மட்டும்தான் வரும்.

வர்ணனை பெரும்பாலும் இந்தியில் இருக்கும். நான் ஒலியைக் குறைத்துவிடுவேன், ஸ்கோர் எழுத்தில் ஓடுகிறதே, போதும்.

பெரிய குறை மழை. இந்தச் சின்னத் தட்டுக்கு வரும் கேயூ பேண்ட் என்ற அலைகளை மழைத்துளி உறிஞ்சிவிடும். இது எல்லா டிடிஎச்சுக்கும் உள்ளதுதான், காசு கட்டும் டிஷ்ஷும் இதே கதிதான். ஆனால் நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. வெட்டு இல்லாமல் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் நாளில்தான் திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். கேபிள்காரர்களின் பெரிய தட்டுகள் சி பேண்ட் என்ற வேறு அலைகளில் எடுப்பதால் மழையை அவ்வளவு கண்டுகொள்வதில்லை. மழைக்கால ஆட்டத்துக்கு கேபிள்தான் மேல், இதை ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் புதிய வகையான எம்பெக்-4 பெட்டியாகக் கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று பழைய எம்பெக்-2 பெட்டியைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், அதில் எல்லா சேனலும் வராது. தட்டை வைக்கும் கோணத்தையும் கவனியுங்கள். ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளான ஜிசாட்-15 நம் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே நல்ல உயரத்தில் இருக்கிறது. டெல்லிக்காரர்கள் வீடியோவில் காட்டுகிற மாதிரி தட்டு நிமிர்ந்து நிற்காது, அதைவிட மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். சாய்ந்த தட்டில் ஜனவரியில் ரப்பர் இலை உதிரும்போது சருகு படியும். பொருத்த வருகிறவர் கூரை உச்சியில்தான் வைப்பேன் என்பார், விடாதீர்கள். மரமறைவு இல்லாமல், ஏணி இல்லாமலே துடைப்பம் எட்டுகிற இடமாகப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.