பழைய மாருதி 800-இல் துரு வேலை: மூன்று மழைக்காலம் தாங்கியதும் தாங்காததும்

உப்புக்காற்று ஊர்களில் ஓடிய மாருதி 800-இல் துரு எங்கே இருக்கும் என்று தேட வேண்டியதே இல்லை. பேட்டரி தட்டு, டிரைவர் காலடித் தளம், கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு, பின் சக்கர வளைவு, ஸ்டெப்னி கிடக்கும் குழி. 2014 தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன வண்டி. இன்று ஓடுவதில் கடைசியாக வந்ததற்கே பத்து வயது தாண்டிவிட்டது. வீட்டு வாசலிலேயே வைத்துச் செய்த வேலைகளில் எது மூன்று மழைக்காலம் நின்றது, எது அடுத்த ஐப்பசிக்கே கொப்பளித்தது என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு ‘டங்’ என்னும், உளுத்தது ‘பொத்’ என்னும். பொத்தென்ற இடத்தை முனையால் அழுத்தினால் உள்ளே போகிறதா? அது வீட்டு வேலை இல்லை, வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்கும் டிங்கரிங் வேலை. சஸ்பென்ஷன் பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம், ரன்னிங் போர்டு ஆகியவற்றில் ஓட்டை விழுந்திருந்தால் பட்டி பூசி மூடவே கூடாது. அவை வண்டியின் எலும்பு. அங்கே பட்டி போடுவது உயிரோடு விளையாடுவது.

போல்ட் கழற்றும்போதே பாதிப் பேர் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானிய அளவுப்படி இதில் 8 மி.மீ. போல்ட்டின் தலை பெரும்பாலும் 12. கையில் கிடைத்த 13 ஸ்பேனரைப் போட்டால் முனை மழுங்கிவிடும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சொட்டுவிட்டு ஒரு ராத்திரி ஊற வையுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் அசைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடிகூட வேண்டாம்.

இனி துரு எடுப்பது. கிரைண்டரில் கப் பிரஷ் (கிண்ணம் மாதிரியான கம்பி பிரஷ்) போட்டு ஓட்டினால் அஞ்சு நிமிஷத்தில் தகடு கண்ணாடி மாதிரி மினுங்கும். அந்த மினுமினுப்பை நம்பாதீர்கள். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள்: கடுகு அளவு குழிகளுக்குள் கறுப்புப் புள்ளிகள் தெரியும். பிரஷ் துருவை எடுக்காமல் தேய்த்துப் பாலிஷ் போட்டிருக்கிறது. அந்தக் குழிக்குள் உப்பும் இருக்கும். மேலே என்ன பெயிண்ட் அடித்தாலும் கொப்புளம் அங்கிருந்துதான் கிளம்பும். பிரஷ் செதிலை உதிர்க்க மட்டுமே. குழிக்குள் இறங்க அமிலம் வேண்டும், இல்லையென்றால் கரண்டு வேண்டும். பிரஷ் ஓடும்போது கம்பி தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் தொடவே வேண்டாம்.

கழற்றி முக்க முடிந்த பாகங்களுக்கு எலுமிச்சை உப்புதான் (சிட்ரிக் அமிலம்) முதல் தேர்வு. ஒரு லிட்டர் வெந்நீருக்கு 80 கிராம், ராத்திரி முழுக்க ஊறல், காலையில் பச்சை நாரால் ஒரு தேய்ப்பு. மெல்லிய தகட்டை இரண்டு நாள் மறந்துவிட்டால் நல்ல இரும்பையும் தின்றுவிடும். துத்தநாகப் பூச்சுள்ள போல்ட்டைப் போட்டால் பூச்சும் கரைந்து போகும். அலுமினியத்தைப் போடாதீர்கள்.

செதில் கனமாக இருந்தால் மின்பகுப்பு. 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, 50 கிராம் சலவை சோடா, பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். கறுப்பு வயர் பாகத்துக்கு, சிவப்பு வயர் கட்டடக் கம்பித் துண்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம்தான் கரையும். 3, 4 ஆம்பியரில் ஆறேழு மணி நேரம் போதும். கம்பியை நேருக்கு நேர் பார்க்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் நடுவில் ஒருமுறை திருப்பி வையுங்கள். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் வைக்கக் கூடாது, நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். சமையல் உப்பும் கூடாது, குளோரின் வரும். சரியாகச் செய்தாலும் ஹைட்ரஜன் கிளம்பும், அதனால் திறந்த வெளியில்தான். ஸ்பிரிங்கையும் ஹைடென்சைல் (அதிக பலமுள்ள) போல்ட்டையும் இதில் போடாதீர்கள். அந்த ஹைட்ரஜன் உள்ளே புகுந்து முறியவைக்கும்.

பாடியோடு ஒட்டிய இடங்களுக்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு மாற்றி. பேட்டரி தட்டென்றால் அதற்கு முன் ஆப்ப சோடா கரைசலை நுரை அடங்கும்வரை ஊற்றிக் கழுவுங்கள். துரு மாற்றியைக் கால் மணி நேரம் காயவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, தண்ணீரால் நன்றாகத் துடைத்து, உடனே உலர்த்துங்கள். அப்படியே காயவிட்டு மேலே எபாக்சி பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்த இடத்தில் அது சரியாக இறுகாமல் தோலாக உரிந்து வந்தது. பாத்ரூம் ஆசிட் துருவை நொடியில் தின்னும், பார்க்க ஆசையாகக்கூட இருக்கும். ஆனால் அது விட்டுப்போகும் குளோரைடு மறுநாளே மஞ்சள் பூக்கவைக்கும். வண்டிக்குப் பக்கத்திலேயே அதைக் கொண்டுவராதீர்கள்.

எந்த முறையானாலும் வேலையின் உயிர் அதற்கடுத்த ஒரு மணி நேரத்தில்தான். ஊறலிலிருந்து எடுத்ததும் ஆப்ப சோடா தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு ஹேர் டிரையர் அல்லது ஹீட் கன். துணியால் துடைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திரும்புவதற்குள் மெல்லிய ஆரஞ்சு படலம் வந்திருக்கும். வந்துவிட்டால் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, அன்றே பிரைமர்.

பிரைமரில்தான் பெரிய வித்தியாசம். கிரில் கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு ஈரத்தை உள்ளே விடும். காலடித் தளத்தில், ஈர மேட்டுக்குக் கீழே, அது மட்டும் அடித்த இடம் இரண்டாவது மழையிலேயே கொப்பளித்தது. பிரைமர் ஒரு டப்பா, அதை இறுக்கும் ஹார்டனர் ஒரு டப்பா என வரும் எபாக்சி பிரைமரை இரண்டு கோட் அடித்த பக்கம் மூன்றாவது மழைக்குப் பிறகும் நகத்தால் சுரண்டினால் அசையவில்லை. விலை கூடுதல்தான், கொடுக்கலாம். ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்றாமல் டப்பாவில் போட்ட விகிதத்தில் அளந்து கலக்குங்கள், மூச்சுக்கவசம் போடுங்கள். பட்டி தேவையென்றால் எபாக்சி இறுகி, அதை லேசாகத் தேய்த்த பிறகு அதன் மேல்தான். வெறும் தகட்டில் வைத்த பட்டி பின்பக்கமிருந்து தண்ணீரைப் பஞ்சு போல உறிஞ்சும்.

ஐப்பசி, கார்த்திகையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். ஈரப்பதம் 85 சதவீதம் தாண்டினால் தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். மாசி, பங்குனியில் காலை பத்து மணிக்கு மேல், நிழலில் வைத்துச் செய்தது நன்றாக நின்றது.

கதவின் அடியும் ரன்னிங் போர்டும் உள்ளேயிருந்து அரிப்பவை. வெளியே எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. பெயிண்ட் முழுக்கக் காய்ந்த பின் நீளக் குழாய் வைத்து உள்ளே கேவிட்டி வாக்ஸ் (உள்வெற்றிடங்களுக்கான துருத்தடுப்பு மெழுகு) அடிக்க வேண்டும். பழைய எஞ்சின் ஆயில் ஊற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பரும் உப்பிப்போகும். வாக்ஸ் அடித்ததும் கதவின் அடியிலுள்ள தண்ணீர்த் துளைகள் அடைபட்டிருக்கும். ஈர்க்குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள், வருஷா வருஷம் புரட்டாசிக்குள் இன்னொருமுறை.