ஆட்டோலிஸ்ப்பில் கமாண்ட் ஃபங்ஷன்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறேன். மறுநடவுக்கு வரும் தோட்டங்கள்தான் பெரும்பாலும் வேலை. செம்பனையை (எண்ணெய்ப்பனை) 9 மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஹெக்டருக்குச் சுமார் 143 மரம். அத்தனை புள்ளியையும் கையால் யார் வைப்பது? ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், அதன் நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப்பில் (சுருக்கமாக லிஸ்ப்) ஒரு நிரல் எழுதி, அதற்குள் கமாண்ட் ஃபங்ஷன் மூலம், மரக்குறியை வைக்கும் இன்சர்ட் கட்டளையை ஓட்டினேன். கமாண்ட் நல்ல வேலையாள்தான், ஆனால் பக்கத்திலேயே கங்காணி நிற்க வேண்டும்.

கமாண்ட் தானாக எதையும் வரைவதில்லை. கட்டளை கேட்கக் கேட்க, நாம் கீபோர்டில் தட்டுவதைப் போலவே பதில்களை வரிசையாகத் தட்டிவிடுகிறது, அவ்வளவுதான். நம் கைக்கு வரும் தொல்லையெல்லாம் அதற்கும் வரும். முதல் தொல்லை ஆப்ஜெக்ட் ஸ்னாப், அதாவது புள்ளியைப் பக்கத்துக் கோட்டின் முனை போன்ற இடங்களுக்கு இழுக்கும் வசதி. அதில் எண்ட்பாயிண்ட் (கோட்டு முனை) ஆனில் இருக்க, தோட்டம் முழுதும் தெரியும்படி ஜூம் அவுட் செய்து ஓட்டினால், எல்லையோர மரங்கள் எல்லைக்கோட்டின் முனைக்கு இழுபட்டுப் போகும். "ஏன் தம்பி, நாலு மரம் எல்லைக்கல்லு மேலயே நிக்குது?" என்று தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) கேட்டார். ஸ்னாப்பைக் கட்டுப்படுத்தும் ஆஸ்மோடை 0 ஆக்கி ஓட்டிவிட்டு, பழைய மதிப்பைத் திருப்பி வைக்க வேண்டும். பாதியில் எஸ்கேப் அடிப்பவர்களுக்காக நிரல் இடையில் நின்றால் ஓடும் எர்ரர் ஃபங்ஷனிலும் அதே வரி.

எழுத்து வைக்கும் டெக்ஸ்ட் கட்டளைக்குக் குசும்பு இன்னும் அதிகம். எழுத்து ஸ்டைலில் உயரம் 0 என்றால் உயரம் கேட்கும், ஏற்கெனவே உயரம் குறித்திருந்தால் கேட்காது. இன்னோர் அலுவலகத்துக் கோப்பில் ஓட்டினால், உயரத்துக்கு அனுப்பிய 2.5 கோணமாகிவிடும், கோணத்துக்கு அனுப்பிய 0 எழுத்தாகிவிடும். தோட்டப் பிளாக்கின் பெயர் வர வேண்டிய இடத்தில் சற்றே சாய்ந்த ஒரு 0! மிச்சமான பிளாக் பெயரைக் கட்டளை என்று நினைத்து, 'அன்னோன் கமாண்ட்' என்று வேறு சொல்லும். ஸ்டைலின் உயரத்தைப் பார்த்துப் பிரித்து எழுதுவதுதான் வழி.

கட்டளைப் பெயருக்கு முன்னால் அடிக்கோடும் புள்ளியும் போட்டுவிடுங்கள். அடிக்கோடு வேற்றுமொழிப் பதிப்புகளுக்கு. புள்ளி, யாராவது அந்தக் கட்டளையை அன்டிஃபைன் செய்து (முடக்கி) வைத்திருந்தாலும் மூலக் கட்டளையே ஓடுவதற்கு.

மரங்களுக்கு இப்போது கமாண்டே இல்லை, என்ட்மேக் என்ற ஃபங்ஷன் மூலம் வரைபடத்தில் நேரடியாக எழுதுகிறேன். ஸ்னாப் தொல்லை கிடையாது, வேகமும் நன்றாகவே கூடியது. ஹேட்ச், ட்ரிம் போன்றவற்றுக்கு மட்டும் கமாண்ட்தான், அவற்றை என்ட்மேக்கில் எழுதப் போனால் தலைவலி. அப்புறம், ஆட்டோகேட் எல்டி (வசதிகள் குறைந்த பதிப்பு) வைத்திருப்பவர்களுக்கு 2024 பதிப்பிலிருந்துதான் லிஸ்ப்பே ஓடும்.