பிரேமுக்கு முழு மார்க், அச்சுக்குப் பாதிதான்

மட்டக்களப்பில் புளியந்தீவுப் பக்கம் படம் பிரேம் அடிக்கிற கடை ஒன்றைப் பற்றி எழுதுகிறேன், பாதி குறையாகச் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

நான் அச்சடித்துப் பிரேம் போடக் கொடுத்தது அமெரிக்க ஓவியர் விஸ்லர் செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்த 'சாவெர்ன் தெரு', 1858. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியில் ஒரு சின்ன ஊர், இருட்டிய பிறகு ஒடுங்கிய தெரு, ஒரு விளக்கு, அவ்வளவுதான். மனுசன் இந்தத் தகட்டு வேலையைப் பழகியதே வாஷிங்டனில், கரையோர அளவைத் திணைக்களத்துக்கு வரைபடம் செதுக்கப் போன இடத்தில் (சில மாதத்தில் விட்டுவிட்டார்). செப்புத் தகட்டில் மெழுகு பூசி ஊசியால் கீறி அமிலத்தில் போட்டால் கீறிய இடம் அரிக்கும், அங்கே மை தங்கும். ஆனால் இந்தப் படத்தின் இருட்டு கோட்டால் மட்டும் வந்ததில்லை. பாரிஸில் இதை அச்சடித்துக் கொடுத்த டெலாத்ர் என்பவர், தகட்டை முழுதாகத் துடைக்காமல் மெல்லிய மைப்படலம் விட்டு எடுப்பவர், அந்த மூட்டம்தான் இரவு.

கடையில் முதலில் காணாமல் போனதே அதுதான். கணினியில் இருந்த தம்பி, "அக்கா, படம் சரியான இருட்டு, வெளிச்சம் கூட்டி விட்டிருக்கன்" என்று சந்தோஷமாக நீட்டினார், பளபளக்கிற தாளில், தெருவில் பட்டப்பகல். கேட்காமல் செய்த வேலை, ஆனாலும் திரும்ப அடிக்க மறுபடியும் காசு எடுத்தார்கள். மேட் தாளில் வந்தது பரவாயில்லை, கறுப்புக் கொஞ்சம் நீலம் அடிக்கிறது. ஏ2 அளவில் அடிக்கலாம் என்றும் கேட்டார்கள், வேண்டாம். மூலப் படமே ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் உயரம்தான், ஓரம் விட்டு ஏ4இல் அழகாக நிற்கும்.

பிரேம் அடிக்கிற ஐயா வேறு ரகம். மார்கழி மழைக்குக் கல்யாணப் படங்கள் கண்ணாடியோடு ஒட்டிப்போன வீடுகள் நம் ஊரில் எத்தனை! அவர் சுற்றிவர மவுண்ட் அட்டை வைத்து, தாள் கண்ணாடியில் படாமல் இடைவெளி விட்டு, பின்பக்கம் முழுக்க டேப் ஒட்டித் தந்தார். "வாவிக் காத்துக்கு இது இல்லாட்டி பூஞ்சணம் பிடிக்கும் மகள்." மூலை நாலும் சுத்தமாகப் பொருந்தியிருக்கிறது, விலையும் நியாயம்.

படம் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத் தளத்தில் இலவசம். அச்சை வேறெங்காவது அடித்துக்கொண்டு ஐயாவிடம் போங்கள். பூவேலை போட்ட தங்கச் சட்டத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார், மெல்லிய மரச்சட்டம் உள்ளே இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.