பழைய மினி டிராக்டர்: வாங்கியபின் செய்த வேலைகள்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகம் விற்கும் கடையில் 16 வருஷமாகக் கவுண்டரில் நிற்கிறேன். ஆயில் சீல், ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட் எதுவானாலும் பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ஆனால் அவை வண்டிக்குள் உட்காரும் இடத்தைக் கையால் தொட்டது இந்த வருஷம்தான்.

தம்பியும் நானும் தொட்டபள்ளாப்பூர் பக்கம் இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டம் பார்க்கிறோம். பெங்களூர் ப்ளூ ரகம், பந்தல் போட்டது. பெரிய டிராக்டர் பந்தலுக்குள் நுழையாது. வாடகை மினி டிராக்டர் நமக்கு வேண்டிய நாளில் கிடைக்காது. அதனால் ஆவணியில் பழைய வண்டி ஒன்று வாங்கினோம். 2014 மாடல், மூன்று சிலிண்டர், 24 எச்.பி., நாலு வீல் டிரைவ், மீட்டரில் 1,870 மணி நேரம். பின்னால் மாட்டி மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரோடு சேர்த்து 2,65,000 ரூபாய். கம்பெனி பெயரை எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் எல்லாம் பராமரிப்பு இல்லாமல் வந்தவை, தயாரித்தவர்கள் மேல் பழி போகக்கூடாது.

வாங்கும் நாளில் முதலில் இஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தோம், குளிர்ந்திருந்தது. முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் ஸ்டார்ட்டில் உள்ள கோளாறு தெரியாது. சட்டென்று பிடித்தது, கொஞ்சம் கரும்புகை வந்து அடங்கியது, இஞ்சின் ஆயில் எரிவதைக் காட்டும் நீலப்புகை இல்லை. ஆர்.சி.யில் பழைய வங்கிக் கடன் நீக்கப்படாமல் இருந்தது. வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வந்த பிறகே பாக்கிப் பணத்தைக் கொடுத்தோம். பெயர் மாற்ற 29, 30 படிவங்கள் தனி.

இஞ்சினை மட்டும் பார்த்துவிட்டு வண்டி நல்லது என்று முடிவு செய்ததுதான் நாங்கள் செய்த தப்பு.

முதல் ஞாயிறு ஓசூரிலிருந்து ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியை உருவிப் பார்த்தவர், "என்னம்மா, மோர் மாதிரி இருக்கே" என்றார். உண்மையிலேயே மோர் நிறம்தான். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. இந்த வண்டியில் கியருக்கும், பின்னால் கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில். கியர் லீவரின் அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்து, வெளியில் நின்ற வண்டிக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. அந்த ரப்பரை நான் எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது கிழிந்தால் என்ன ஆகும் என்று யோசித்ததே இல்லை. பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, புது ஆயில் ஊற்றி, ஒரு நாள் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றினோம். ஒரு தடவை மாற்றினால் மூலைகளில் தங்கிய தண்ணீர் போகாது. எங்கள் செலவில் பாதி இந்த ஆயிலுக்குத்தான். அதற்கு முன், ரோட்டவேட்டரைத் தூக்கி இஞ்சினை அணைத்தால் பத்து நிமிஷத்தில் தரைக்கு வந்துவிடும். இப்போது அரை மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. நிற்கிறதே என்று கீழே கையோ காலோ வைக்காதீர்கள், மரக்கட்டை முட்டுக் கொடுத்த பிறகுதான்.

அடுத்தது முன் டயர். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நாலு வீலும் போட்டு உழுதால் ஸ்டியரிங் கனத்தது. நாலு வீலைப் போட்டு எடுக்கும் லீவரை எடுக்கப் போனால் வராது, கொஞ்சம் ரிவர்ஸ் போன பிறகுதான் விடும். கியர் பெட்டிக்குள் கோளாறு, பிரிக்கத்தான் வேண்டும் என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னார்கள். மெக்கானிக் அண்ணன் டயரைத்தான் பார்த்தார். முன் டயர் இரண்டும் பிற்பாடு யாரோ மாற்றியவை, அளவும் வேறு.

நாலு வீல் டிரைவில் முன் அச்சும் பின் அச்சும் பல்சக்கரத்தால் பிணைந்தவை. பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முன் சக்கரம் இத்தனை சுற்று என்பது மாறாது. முன் சக்கரம் கொஞ்சம் முந்தி, மண்ணைத் தானும் இழுக்க வேண்டும். நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை முந்தினால் சரி. கொடிக்கு அடிக்கும் போர்டோ கலவை மருந்துக்கு வைத்திருந்த சுண்ணாம்பை எடுத்து டயர்களில் கோடு போட்டோம். உழுத மண்ணில், லீவரைப் போடாமல், பின் சக்கரம் 10 சுற்று வரும்வரை தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் நடந்து முன் சக்கரத்தை எண்ணினேன். 16 சுற்று. லீவரைப் போட்டு எண்ணினால் பதினைந்தரை. அதாவது டயர் சின்னதாக இருப்பதால் தானாக உருண்டால் 16 சுற்ற வேண்டியதை, பல்சக்கரம் பதினைந்தரையில் பிடித்து வைக்கிறது. முன் சக்கரம் இழுக்கவில்லை, பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறது! கையேட்டில் உள்ள அளவுக்கே புது டயர் போட்டோம். லீவர் போடாமல் 15, போட்டால் அதே பதினைந்தரை. இப்போது லீவர் ஒரு விரலுக்கு வருகிறது. பெட்டியைப் பிரித்திருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. காய்ந்த தார் ரோட்டில் மட்டும் நாலு வீலைப் போடவே கூடாது, சறுக்க இடம் இல்லாமல் எல்லா பாரமும் பல்சக்கரத்தில் ஏறும்.

டிராக்டரில் இடது, வலது பின் சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல். இடது பெடலில் 20 மில்லிமீட்டர் தளர்வு, வலது பெடலில் 45. இரண்டையும் கொக்கி போட்டு இணைத்து மிதித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பியது. கம்பியில் உள்ள நட்டைத் திருகி இரண்டையும் சமமாக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தைய சொந்தக்காரர் இதை ஏன் விட்டுவைத்தார் என்று எனக்கு இன்றுவரை ஆதங்கம்தான், இந்த வண்டியை அவர் வீட்டுப் பிள்ளைகளும் ஓட்டியிருக்கிறார்கள்.

இஞ்சின் சுற்றை ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரட்டைக் குழாய்த் தண்டுதான் பிடிஓ ஷாஃப்ட். ரோட்டவேட்டரோடு வந்தது வேறு வண்டியுடையது, நீளம் அதிகம். ரோட்டவேட்டரை மெதுவாக ஏற்றி இறக்கி, ஷாஃப்ட் எந்த இடத்தில் மிகக் குறுகுகிறது என்று பார்த்தோம். அங்கே உள்குழாய் போய் முட்டியது. அப்படி முட்டினால் அடி பிடிஓ பேரிங்கில் இறங்கும். இரண்டு குழாயையும் மேலுறையையும் ஒரே அளவு வெட்டி, ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டு, பிசிறைத் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினோம். மேலுறை இல்லாமல் ஓட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். நிமிஷத்துக்கு 540 சுற்று வேகத்தில் சேலை முந்தானையோ துண்டோ சிக்கினால் ஆளை இழுத்துவிடும். தயவுசெய்து உறை போடுங்கள்.

மற்றவை சின்ன வேலைகள். ஃபேன் பெல்ட் தொளதொளத்திருந்தது, கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் இறங்கும்படி இழுத்தோம். ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த இலைத் தூள், இஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். ஏர் ஃபில்டரும் டீசல் ஃபில்டரும் புதிது.

எல்லாம் சேர்த்து 38,600 ரூபாய் ஆயிற்று, டயர் உட்பட. இந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் எங்களுக்கு இந்த வண்டி கட்டுப்படியானதுதான். பந்தல் கம்பியில் தலை இடிக்காமல் திரும்புகிறது, இரண்டு வரிசைக்கு நடுவில் ஒரே ஓட்டத்தில் களை அடங்குகிறது, டீசலும் குறைவாகத்தான் குடிக்கிறது. டிரெய்லரில் பாரம் ஏற்றி ரோட்டில் ஓட்ட நினைப்பவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வண்டியின் எடை குறைவு, இறக்கத்தில் பாரம் பின்னாலிருந்து தள்ளும்.

பாக்கி இருப்பது முன் அச்சின் இடது சீல், லேசாகக் கசிகிறது. திராட்சை அறுத்த பிறகு பிரிக்கலாம் என்கிறான் தம்பி. சீலை வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டேன்.