லேண்ட்ஸ்கேப் டிசைன் ஆன்லைன் கோர்ஸ்: பணம் கட்டும் முன் இதைப் பாருங்கள்

மூன்றே மாதத்தில் தோட்டம், பூங்கா, திறந்தவெளிகளை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆகலாம் என்று விளம்பரம் செய்யும் கோர்ஸ்களில் பணத்தைக் கட்டிவிட்டு, சைட்டில் இறங்கியதும் விழிபிதுங்குகிறவர்கள் பலர். வேறு துறையிலிருந்து வர ஆசைப்படுகிறவர்களைத்தான் இவை குறிவைக்கின்றன.

பல நாடுகளில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளவே உரிமம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற படிப்பு, சில வருட அனுபவம், தேர்வு எல்லாம் தாண்டித்தான் அது கிடைக்கும். லேண்ட்ஸ்கேப் டிசைனர் என்று தொழில் செய்யப் பெரும்பாலும் தடையில்லை. இந்த வித்தியாசத்தைச் சேரும்போது சொல்லவே மாட்டார்கள்.

வகுப்பில் முக்கால்வாசி ரெண்டரிங், அதாவது தோட்டம் முடிந்தால் எப்படி இருக்கும் என்று நிஜம்போலப் படம் காட்டும் மென்பொருளிலேயே ஓடிவிடும். மட்டம் எடுப்பது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணக்கிடுவது, மண்ணின் ஆழம் எதுவும் கிடையாது. கட்டடத்தையொட்டிய தளம் சுவரிலிருந்து வெளிப்பக்கமாகச் சுமார் 2 சதவீதம் சரிய வேண்டும். அதாவது 3 மீட்டருக்கு 6 செ.மீ. ரெண்டரிங்கில் இது கண்ணுக்கே தெரியாது. சரிவில்லாமல் போட்டுவிட்டால் மழைநீர் சுவரடியில் தேங்கி ஈரம் ஏறும். மாடித்தோட்டம் இன்னும் ஆபத்து. 30 செ.மீ. மண் நன்றாக நனைந்தால் சதுர மீட்டருக்கு 500 கிலோவைத் தொடும். செடி, தொட்டி, ஆட்கள் எடை தனி. கட்டடம் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்கிடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்காமல் தொடக்கூடாது என்றுகூடச் சொல்லித்தராமல் சான்றிதழ் கொடுப்பது அநியாயம்.

செடி இடைவெளியிலும் இதே கதைதான். 1.5 மீட்டர் படரும் புதரை, படம் நிறைவாகத் தெரிய 50 செ.மீ.க்கு ஒன்றாக வைக்கப் பழக்குகிறார்கள். வளர்ந்ததும் ஒன்றையொன்று நெருக்கும். பாதியைப் பிடுங்க வேண்டிவரும், செலவு வாடிக்கையாளர் தலையில்.

பட்டம் இல்லாமல் இந்தத் தொழிலுக்கு வரவே முடியாது என்றில்லை. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை கால்வர்ட் வாக்ஸுடன் வடிவமைத்த ஓம்ஸ்டெட் அதற்குமுன் விவசாயி, பத்திரிகையாளர். பிரேசிலின் புகழ்பெற்ற தோட்ட வடிவமைப்பாளர் பர்லே மார்க்ஸ் ஓவியம் படித்தவர். நர்சரியிலோ லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்டரிடமோ ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், எந்தச் செடி எங்கே பட்டுப்போகிறது என்பது தானாகப் பிடிபடும். கோர்ஸோடு சேர்த்துத் தரும் 'இன்டர்ன்ஷிப்' பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை, அதை நம்பாதீர்கள்.

சேரும் முன், பழைய மாணவர் ஒருவரின் கிரேடிங் பிளானை, அதாவது நிலத்தின் மட்டமும் சரிவும் குறித்த வரைபடத்தை, ஆசிரியரின் திருத்தங்களோடு கேளுங்கள். ரெண்டரிங் மட்டும் அனுப்பினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சர்வதேச அங்கீகாரம் என்றால் லோகோவை நம்பாமல், அங்கீகாரம் தரும் அமைப்பின் பட்டியலில் கோர்ஸ் பெயரை நீங்களே தேடுங்கள். பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையை எழுத்தில் வாங்கிய பிறகே முதல் தவணை கட்டுங்கள்.