மிஸ்டேக் காசா, பட்டறைக் காசா?

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் பழைய காசு விற்பவர்களிடம் விசாரித்தால், "இது மிஸ்டேக் காசு தம்பி, லேசில் கிடைக்காது" என்று ஒரு டப்பாவை நீட்டுவார்கள். பல சமயம் விற்பவருக்கே எது அசல், எது அடிபட்டது என்று தெரியாது. அதனால் வாங்குபவர்தான் பார்க்க வேண்டும்: இந்தக் கோளாறு நாணயச் சாலையில் அச்சு விழும்போது வந்திருக்குமா, அல்லது பிறகு யாராவது பட்டறையில் செய்ததா?

அதிகம் ஏமாற்றுவது பிறை வெட்டு. உலோகத் தகட்டில் வில்லை (காசாக அடிக்கப்போகும் வட்டத் துண்டு) வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுக்கருவி இறங்கிவிட்டால், ஓரம் குறைந்த வில்லை கிடைக்கும். அரத்தால் ராவினாலும் காசு ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். எடையும் இரண்டிலும் குறையும், ஆகவே தராசு இங்கே உதவாது. லூப்பை (சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடியை) எடுத்து வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பைப் பாருங்கள். அசலில் அங்கே விளிம்பு மங்கி, சில நேரம் அடியோடு காணாமல் போயிருக்கும். விளிம்பைத் தூக்கிவிடும் இயந்திரத்தில் வில்லை உருளும்போது, வெட்டுப்பட்ட பக்கம் அழுத்தம் கொடுக்காததால் எதிர்ப்பக்கமும் சரியாக எழும்பாது. ராவிய காசில் எதிர் விளிம்பு கம்பீரமாக நிற்கும். வெட்டை ஒட்டிய எழுத்துகளும் காட்டிக்கொடுக்கும்: அசலில் அவை வெட்டை நோக்கி இழுபட்டு மங்கும், போலியில் கத்தரித்ததுபோல் சட்டென்று நிற்கும், பக்கத்தில் அரத்தின் கோடுகளும் தெரியும். மிகச் சிறிய வெட்டில் மட்டும் எதிர் விளிம்பு மங்காமலும் இருக்கலாம்.

அச்சு விலகிய காசு, அதாவது படம் நடுவில் விழாமல் ஒரு பக்கம் ஒதுங்கிய காசு, வேறு வகை. இதில் தராசு பேசும். வில்லை முழுசு என்பதால் எடை குறையாது: மலேசியாவின் 1989 செம்பருத்தி வரிசை 20 காசு என்றால் சுமார் 5.66 கிராம் காட்டும். அடிக்கும்போது வில்லையைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கு வெளியே அடி விழுந்ததால், ஓரத்தில் பல்வரி (பல் பல்லான கோடுகள்) முழுதாக இருக்காது. ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு "அச்சு விலகியது" என்று விற்கும் காசில் எடை குறையும், ஆனால் பல்வரி அப்படியே இருக்கும். புதிதாகச் சேர்ப்பவர்கள் பணம் போடுவதானால் இந்த வகையில் போடலாம் என்பேன். போலி செய்வது கடினம்.

ஒரு காசின் மேல் இன்னொன்றை வைத்து வைஸில் (பட்டறை இடுக்கியில்) நெரித்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதியும். அது அபூர்வப் பிழைபோல் தெரியும், ஆனால் அடியில் இருந்த படம் நசுங்கித் தட்டையாகியிருக்கும்.

இரட்டை எழுத்துதான் மிகவும் சிக்கல். அச்சிலேயே இரட்டிப்பு இருந்தால் இரண்டாவது எழுத்தும் உருண்டு திரண்டு நிற்கும், முனைகள் பிளந்திருக்கும். அடிக்கும்போது அச்சு ஆடியதால் வருவது தட்டையான படி மாதிரி இருக்கும், எழுத்தையும் ஒல்லியாக்கிவிடும். அதுவும் நாணயச் சாலையில் வந்ததுதான், போலி இல்லை. ஆனாலும் அதற்குக் கூடுதல் விலை கொடுக்க நான் ஒப்ப மாட்டேன்.

அப்புறம் "வெள்ளை" 1 காசு, அதாவது வெண்கல நிறம் இல்லாமல் வெள்ளையாகத் தெரியும் 1 காசு. செம்பருத்தி வரிசை 1 காசு எஃகின் மேல் வெண்கலப் பூச்சு போட்டது என்பதால் காந்தம் ஒட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அமிலத்தில் பூச்சு போனதென்றால் எழுத்து கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாகியிருக்கும். பூச்சே விழாமல் வந்த அசலில் அச்சுப் பளபளப்பும் எழுத்தின் கூர்மையும் குறையாமல் இருக்கும்.